பத்து ரூபாய்க் காணிக்கை: ஏழைகளிடம் வாங்கலாமா?

வாசகர் கேள்வி
7 செப்டம்பர் 2025, ஞாயிறு இரவு

எங்கள் சபையில் நாள் கூலிக்குப் போகிற பெண்கள் பலர் ஞாயிறுதோறும் ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும் காணிக்கை போடுகிறார்கள். எல்லாம் சேர்த்தாலும் ஆலயத்தின் மின்கட்டணத்துக்கே காணாது. வசதியுள்ளவர்களிடம் கூடுதலாகக் கேட்டுவிட்டு, ஏழைகளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன? ஏழை விதவையின் இரண்டு காசைக் காட்டிப் பிரசங்கம் செய்வதும், தேவன் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிக் கையிலிருப்பதையும் வாங்கிக்கொள்வதும் சுரண்டல் என்றே எனக்குப் படுகிறது.

8 செப்டம்பர் 2025

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு சிறிய லுத்தரன் சபையில் 2011ஆம் ஆண்டு முதல் ஞாயிறு காணிக்கையை எண்ணும் மூவரில் நானும் ஒருவன் என்பதால் எழுதுகிறேன். ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறையில் மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து, சிவப்பு வெல்வெட் பைகள் மூன்றையும் கவிழ்ப்போம். நோட்டுகளை நான் நீவி அடுக்குவேன். மற்ற இருவரும் நாணயங்களைப் பத்துப் பத்தாக நிறுத்துவார்கள். பதினான்கு வருடப் பழக்கத்தில் சில நோட்டுகள் எந்த வரிசையிலிருந்து வந்தவை என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. துறைமுகத்தில் மீன் விற்கும் ஓர் அம்மாவின் பத்து ரூபாய் நோட்டு எட்டாக மடிந்து, லேசாக ஈரம் கோத்து, உப்பு வாடையோடு வரும். அதைப் பிரிக்கும்போது மடிப்பில் கிழிந்துவிடக் கூடாதே என்று மெதுவாகப் பிரிப்பேன்.

வேதாகமத்தின் இரண்டு காசு எவ்வளவு என்பதை முதலில் பார்த்துவிடலாம். மாற்கு 12ஆம் அதிகாரத்தில் அந்த விதவை ஆலயத்தின் காணிக்கைப் பெட்டியில் "ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசை" போட்டாள் என்று வாசிக்கிறோம். ரோமர்களின் கணக்கில் 64 துட்டு சேர்ந்தால் ஒரு தெனாரியம். திராட்சத்தோட்ட உவமையில் "நாளொன்றுக்கு ஒரு பணம்" என்று வருகிற கூலி அதுதான். இன்று ஒருவருடைய நாள் கூலி 640 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அவள் போட்டது சரியாகப் பத்து ரூபாய்.

ஆகவே அந்தப் பத்து ரூபாயை வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் நமக்கு இல்லை என்பதே என் பதில். பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆண்டவர் இயேசுவே அவளைத் தடுக்கவில்லை.

9 செப்டம்பர் 2025

பத்து ரூபாய் நாணயத்தைக் கடைகளில் வாங்க மறுப்பதால்தான் அதைக் காணிக்கைப் பையில் தள்ளிவிடுகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை அறிவித்த பிறகும் நம் பக்கத்தில் பல கடைகள் மறுப்பது உண்மை. அப்படித் தள்ளிவிடுகிறவர்கள் எங்கள் சபையிலும் இருக்கலாம். ஆனால் காலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு ஆலயத்துக்கு வருகிற அந்த மீன்கார அம்மாவை இந்தக் கணக்கில் சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் போடுவது நோட்டு, நாணயம் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

12 செப்டம்பர் 2025

நான்கு நாளாக மனம் உறுத்திக்கொண்டிருக்கிறது. திங்களன்று எழுதியதில் ஒரு பாதியை விட்டுவிட்டேன்.

விதவையின் காணிக்கை 41ஆம் வசனத்தில் தொடங்குகிறது. அதற்கு முந்தின வசனத்திலேயே, "விதவைகளின் வீடுகளைப் பட்சித்து" நீண்ட ஜெபம் செய்கிறவர்களை ஆண்டவர் கண்டிக்கிறார். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தில், அவள் காசு போய்ச் சேர்ந்த அந்த ஆலயம் ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராதபடி இடிக்கப்படும் என்கிறார். இரண்டுக்கும் நடுவே நிற்கிற அந்தப் பெண்ணை மட்டும் தனியே எடுத்துப் பிரசங்கத்தில் நிறுத்தினால், கண்டிக்கப்பட்டவர்களின் இடத்தில் நாமே போய் உட்கார்ந்துகொள்ள நேரும். "தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாம் போட்டுவிட்டாள்" என்று சொன்ன குரலில் பாராட்டு மட்டும்தான் இருந்ததா, வேதனையும் இருந்ததா என்று இப்போது எனக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பெற்றோரைப் பராமரிக்க வேண்டிய பொருளைக் "கொர்பான்", அதாவது காணிக்கை, என்று சொல்லி ஆலயத்துக்குத் திருப்பிவிடுகிறவர்களையும் இதே சுவிசேஷத்தின் 7ஆம் அதிகாரம் கடிந்துகொள்கிறது.

கேள்வி கேட்டவர் சுரண்டல் என்ற சொல்லைச் சும்மா எடுத்துப் போடவில்லை. அவரிடம் பேசும் முறையில் நான் அவசரப்பட்டுவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

ஆயினும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்ற அவருடைய தீர்வை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் பிறகு எழுதுகிறேன்.

17 செப்டம்பர் 2025

இதை எழுதுவதா என்று மூன்று நாள் யோசித்தேன். என் மனைவியிடம் கேட்டேன், எழுதுங்கள் என்றார்.

பல வருடங்களுக்கு முன் அவருக்கு உடம்பு மிகவும் முடியாமல் போனது. அந்த நாட்களில் ஊருக்கு வந்த ஒரு கூட்டத்தில், உங்களுக்கு வலிக்கிற அளவுக்கு ஒரு விதையை விதையுங்கள், நூறு மடங்காக அறுப்பீர்கள் என்று ஒரு பிரசங்கியார் சொன்னார். என் கல்யாண மோதிரத்தை அடகு வைத்து, அந்தப் பணத்தை அப்படியே உறையில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து என் பெயர் அச்சிட்ட கடிதம் ஒன்று வந்தது. நன்றி ஒரு வரியில் முடிந்திருந்தது. மீதி முழுவதும் அடுத்த விதையைப் பற்றியது. மனைவி குணமானது மருந்தினாலும், பல மாதம் எங்கள் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த சபைப் பெண்களின் கையினாலும்தான். கர்த்தர் அவர்கள் வழியாகவே எங்களிடம் வந்தார் என்று நம்புகிறேன். மோதிரம் மூழ்கிவிட்டது.

அன்று நான் தேவனை நம்பிக் கொடுத்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அவரோடு ஒரு பேரம் பேசினேன். அந்தப் பிரசங்கியாரின்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் பேரம் பேசிய மனம் என்னுடையது. நம்பிக் கொடுப்பது என்றால், கொடுத்தது கொடுத்ததுதான், திரும்பி வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை என்பதை அந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகே புரிந்துகொண்டேன். "ஏழைக்கு இரங்குகிறவன் கர்த்தருக்குக் கடன் கொடுக்கிறான்" என்ற நீதிமொழிகளின் வாக்கியத்தைக் காட்டி, கடன் என்றால் வட்டியோடு வரத்தானே வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த வசனத்தில் பணம் போகிற இடம் ஏழையின் கை என்பதைக் கவனிக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

21 செப்டம்பர் 2025, ஞாயிறு

வேண்டாம் என்று சொல்ல முடியாததற்குக் காரணம் என் அம்மா.

நெல்லிக்குப்பம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அங்கிருந்து மேல்பட்டாம்பாக்கம் கிட்டத்தில்தான். 19ஆம் நூற்றாண்டில் கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி வந்து தங்கி ஊழியத்தைத் தொடங்கிய ஊர் அது. பிறகு டேனிஷ் மிஷன் அதை எடுத்து நடத்தி, இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை உருவானது. எங்கள் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில், தேங்காய்ச் சிரட்டை மூடிய ஒரு மண் கலயம் இருக்கும். உலை வைக்க அரிசியை அளந்ததும், களைவதற்கு முன் அம்மா ஒரு பிடி எடுத்து அதில் போடுவார். பிடி அரிசி என்றுதான் சொல்வோம். சனிக்கிழமை சாயங்காலம் அதை மஞ்சள் பையில் கட்டி, கிராமச் சபையைக் கவனித்த உபதேசியார் வீட்டுக்கு என்னைக் கொடுத்தனுப்புவார். அங்கே பத்துப் பதினைந்து வீட்டு அரிசி ஒரே சாக்கில் விழும். பல வீட்டு அரிசி ஒன்றாய் வேகாது. ரேஷன் அரிசி குழைந்துபோகும்போது பொன்னி முழித்துக்கொண்டு நிற்கும். அந்தச் சோற்றைத்தான் யாருமற்ற இரண்டு கிழவிகளுக்கு உபதேசியாரின் மனைவி வடித்துப் போட்டார்.

இல்லாத வீட்டிலும் அந்தக் கலயம் காலியாக இருந்ததில்லை. கூலி இல்லாத நாளில் நாங்கள் கஞ்சி குடித்தோமே தவிர, அந்த ஒரு பிடி தவறியதில்லை. அம்மாவிடம் போய், நீ ஏழை, கொடுக்காதே என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் அதை இரக்கமாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். கொடுக்கிறவர்களின் வரிசையிலிருந்து தம்மை எழுப்பி, வாங்குகிறவர்களின் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பார்.

23 செப்டம்பர் 2025

ஒரு திருத்தம். மேலே எழுதியதை அக்காவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "தவறியதே இல்லையா? உனக்கு அப்போ விவரம் தெரியாதுடா" என்றார்.

ஒரு ஐப்பசி மழையில் வாரக்கணக்கில் வேலை இல்லாமல் போனபோது, அம்மா அந்தக் கலயத்தைக் கவிழ்த்து எங்களுக்கே உலை வைத்தாராம். அதுவும் ஒரு முறை இல்லை. மூன்று நான்கு முறை. ஆண்டவருடைய அரிசியை எடுத்துவிட்டேனே என்று அழுதுகொண்டே உபதேசியார் வீட்டில் போய்ச் சொன்னபோது, அவருடைய மனைவி உள்ளே போய், பொதுச் சாக்கிலிருந்து இரண்டு படி அரிசியை அளந்து அம்மாவின் முந்தானையில் கொட்டி, இதுவும் ஆண்டவருடைய அரிசிதான், கொண்டுபோ என்றாராம். அம்மா அடுத்த தை மாதம் முழுவதும் இரண்டிரண்டு பிடியாகப் போட்டதை அக்கா பார்த்திருக்கிறார். திருப்பித் தரச் சொல்லி யாரும் கேட்கவில்லையாம்.

ஐம்பது வருடமாக நான் அம்மாவை ஒரு பிரசங்க உதாரணமாக வைத்திருந்திருக்கிறேன். அக்கா சொன்னதைக் கேட்ட பிறகுதான் அந்தக் கலயம் எப்படி நடந்தது என்பதே விளங்கியது. போடுகிற கையே தேவைப்பட்டால் எடுக்கவும் செய்யலாம், எடுத்தால் அவமானம் இல்லை என்ற நிலை அங்கே இருந்தது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில் சமநிலை என்று இதைத்தான் சொல்கிறார்: உங்கள் மிகுதி அவர்கள் குறைவுக்கு, அவர்கள் மிகுதி உங்கள் குறைவுக்கு. அதே இடத்தில், ஒருவனுக்கு "இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்றும் எழுதியிருக்கிறார்.

எங்கள் சபையின் கணக்கில், போடுகிற ஏழை தேவைப்பட்டபோது எடுத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறதா என்று பழைய பேரேடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை கண்ணில் பட்டதெல்லாம் சுண்ணாம்பு, ஒலிபெருக்கி, மின்விசிறி.

25 செப்டம்பர் 2025

பெரிய அழிவுகளில் இந்தச் சில்லறை என்ன செய்யும் என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். கடலூர்க்காரன் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் சோனங்குப்பத்திலும் அலை புகுந்த செய்தி வந்தபோது நாங்கள் ஆராதனையில் இருந்தோம். அடுத்த வாரத்தில் லாரி லாரியாக உதவி வந்தது. அதை நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் வந்த பழைய துணிகளில் பெரும்பகுதி சாலையோரத்தில் குவிந்து, மழையில் நனைந்து, மிதிபட்டுக் கிடந்ததையும் பார்த்தேன். முகாமில் ஒரு பெண் என்னிடம் கேட்டது ஒரு பெட்டி தீப்பெட்டியும் ஒரு சீப்பும். கொடுத்தவர்களில் யாரும் சீப்பை நினைக்கவில்லை, எனக்கும் தோன்றியிருக்காது.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கரை கடந்தபோது எங்கள் தெருவில் மின்சாரம் போய், மோட்டார் ஓடாமல், குடிநீருக்கே திண்டாட்டம். பழைய கைப்பம்பு இருந்த ஒரே வீடு பக்கத்துத் தெரு இஸ்லாமியப் பெரியவருடையது. வாசற்கதவைத் திறந்தே வைத்துவிட்டார். பத்து நாளுக்கு மேல் எங்கள் குடும்பம் அந்தத் தண்ணீரைக் குடித்தது. ஒரு கலசம் தண்ணீர் கொடுப்பவனும் பலனை இழந்துபோகான் என்ற வார்த்தையை நான் அதுவரை எத்தனையோ முறை வாசித்திருந்தேன். குடத்தோடு வரிசையில் நின்று நினைத்துக்கொண்டது அப்போதுதான்.

"இத்தனை பேருக்கு எம்மாத்திரம்" என்று இயேசுவின் சீடர் அந்திரேயா, ஒரு பையனிடம் இருந்த ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் பார்த்துக் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. கணக்குத் தெரிந்தவர் அப்படித்தான் கேட்பார். இருந்தாலும் அந்தப் பையனை அவர் மறைத்து வைக்கவில்லை. எம்மாத்திரம் என்று சொல்லிக்கொண்டே கூட்டிவந்து முன்னால் நிறுத்திவிட்டார். பையனைப் பற்றிய குறிப்பு யோவான் சுவிசேஷத்தில் மட்டுமே இருக்கிறது.

29 செப்டம்பர் 2025

நேற்று புதுச்சேரியில் என் மனைவியின் அக்கா வீட்டில் இருந்தோம். அவர்கள் கத்தோலிக்கர். மிஷன் வீதியில் சம்பா கோவில் பூசைக்கு எங்களையும் அழைத்துப் போனார்கள். இந்த இழையைப் பற்றிச் சகலையிடம் சொன்னபோது, அவர் இரண்டு செய்திகள் சொன்னார்.

முதலாவது, பவுலின் ஜாரிக்கோ. பிரான்சின் லியோன் நகரப் பட்டு வியாபாரியின் மகள். வாரத்துக்கு ஒரு சூ, அதாவது அந்த நாட்டின் சல்லிக்காசு, பத்துப் பேரிடம் ஒருவர் வசூலிப்பது என்ற முறையில் பட்டாலைத் தொழிலாளர்களிடமிருந்து சேர்த்தார். அப்படித் தொடங்கியதுதான் 1822இல் உருவான விசுவாசப் பரப்புதல் சபை. ஆரம்பத்தில் அவர் சேர்த்த பணம் பாரிஸ் அந்நிய வேதபோதக சபைக்குப் போனது. 1776 முதல் புதுச்சேரி மிஷனை நடத்திவந்தவர்கள் அந்தச் சபையார்தான். அவர் பிற்காலத்தில் தம் சொத்தையெல்லாம் இழந்து, கடனாளியாகி, 1862இல் ஏழையாகவே இறந்தார். 2022இல் அவருக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். கொடுத்தால் நூறு மடங்கு என்று என்னிடம் சொன்னவருக்கு இந்தப் பெண்ணின் கதையைச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

இரண்டாவது, சகலை உறுப்பினராக இருக்கும் வின்சென்ட் தே பால் சபையின் பழக்கம். 1833இல் பாரிசில் பிரெடரிக் ஓசானமும் நண்பர்களும் தொடங்கியது அது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பை சுற்றிவரும். எல்லோரும் மூடிய கையை உள்ளே விட்டு எடுப்பார்கள். யார் எவ்வளவு போட்டார், போட்டாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. வெறுங்கையை விட்டு எடுக்கலாம். இரகசியக் காணிக்கை என்று பெயர். இரவு பேருந்தில் திரும்பும்போது அந்த மூடிய கையையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் சபையில் ஆண்டறிக்கையின் பின்பக்கத்தில் பெயரும் தொகையும் அச்சிடுகிறோம். ஐயாயிரத்தில் தொடங்கி இறங்கும் பட்டியலின் கடைசி வரிகளில் ஏழைகளின் பெயர்கள். அதை அச்சுக்குக் கொடுப்பவன் நான். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கக்கடவது என்ற மத்தேயு 6ஆம் அதிகார வசனத்தை வாசித்துக்கொண்டே அச்சுக்குக் கொடுத்துவந்திருக்கிறேன்.

6 அக்டோபர் 2025

நேற்று அறுப்பின் பண்டிகை. சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த பொருள்களின் ஏலத்தில் ஒரு நாட்டுக்கோழி முட்டை 700 ரூபாய்க்குப் போனது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவரும் ஊரிலிருக்கும் அவருடைய பங்காளியும் போட்டி போட்டு ஏற்றினார்கள். கைதட்டல் ஏலம் எடுத்தவருக்குக் கிடைத்தது. முட்டை கொண்டுவந்த பாட்டி பின்வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருடைய பெயரை யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒரே கோழிதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் பாட்டி சந்தோஷமாகவே இருந்தார். என் முட்டை எழுநூறு போச்சு என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் நான்கு முறையாவது சொல்லியிருப்பார். நான் வருத்தப்பட்டதை அவரிடம் சொல்லவில்லை.

13 அக்டோபர் 2025

சபைக் கமிட்டிக்கு இரண்டு கோரிக்கைகளை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். ஞாயிறு காணிக்கையில் பத்தில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி, சபையாரில் யாருக்குத் தேவை வந்தாலும் காரணம் எழுதிவாங்காமல் கொடுக்க வேண்டும் என்பது முதலாவது. அதற்குப் பிடி அரிசி என்றே பெயர் வைக்கலாம் என்று எழுதியிருக்கிறேன். ஆண்டறிக்கையில் பெயரும் தொகையும் அச்சிடுவதை நிறுத்த வேண்டும் என்பது இரண்டாவது.

நேற்று ஆராதனை முடிந்து எண்ணிக்கொண்டிருந்தபோது மீன் விற்கும் அம்மா அந்த அறையின் வாசலில் வந்து நின்றார். இத்தனை வருடத்தில் அவர் அங்கே வந்ததில்லை. பெயர்ப் பட்டியலை எடுத்துவிடப் போகிறீர்களாமே, உண்மையா ஐயா என்று கேட்டார். உண்மைதான், உங்களைப் போன்றவர்கள் மனம் வருந்தக் கூடாது என்றுதான் என்றேன்.

"எதுக்கு வருத்தம்?" என்றார். வருடத்துக்கு 52 ஞாயிறு, 520 ரூபாய். அந்தப் புத்தகத்தில் தம் பெயருக்கு எதிரே 520 என்று அச்சில் வருகிறது. ரேஷன் அட்டையிலும் கடன் சங்கத்து நோட்டிலும் இருப்பதெல்லாம் வாங்குகிறவள் என்ற கணக்கு. கொடுத்தவள் என்று தம் பெயர் இருக்கிற இடம் அது ஒன்றுதான். மகள் அதை வாசித்துக் காட்டுவாளாம். பழைய புத்தகங்களை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறாராம். கடைசி வரியில் வந்தால் என்ன, வரட்டுமே என்றார்.

என்னிடம் பதில் இல்லை. மத்தேயு 6ஆம் அதிகாரத்தை அவரிடம் வாசித்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அது யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பதை அவரைவிட நான்தான் படிக்க வேண்டியவன். தொகையை எடுத்துவிட்டு, பெயர்களை மட்டும் அகர வரிசையில் போடலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, 520 இருந்தால் நல்லாயிருக்கும் என்றார்.

கமிட்டி 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. இரண்டாவது கோரிக்கையைத் திரும்பப் பெறுவதா, மாற்றி எழுதுவதா என்று முடிவு செய்யவில்லை. அன்று தாமே வந்து பேசுவதாக அவர் சொல்லியிருக்கிறார். கூட்டம் மத்தியானம் இரண்டு மணிக்கு என்றேன். அந்த நேரத்துக்குள் கூடை காலியாகிவிடும், வந்துவிடுகிறேன் என்றார்.